டோகோனாமே கெண்டிக்கு மறுபடி ஒரு பிடி

பிடி நிற்கிறது. வாய்வரை தண்ணீர் நிரப்பி, மூடியைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, ஒற்றைக் கையால் முழுக்கச் சாய்த்தும் பார்த்தாயிற்று. ஒட்டு அசையவில்லை. மரப்பால், மைதா, கல்பொடி, இரும்புத் துரு, இரண்டு துண்டு சணல் துணி இவ்வளவுதான் அந்த ஒட்டில் இருப்பவை. அளவுகள் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

பொருள் க்யூசு, அதாவது ஜப்பானியத் தேநீர்க் கெண்டி. பிடி மூக்குக்கு நேரெதிரே இருக்காது. வலப்பக்கமாக, உள்ளே கூடான குழாயாக நீண்டிருக்கும். நான் வேலை செய்வது ஐச்சி மாகாணத்தில். இங்கே பழைய சாமான் கடைகளில், உடைந்ததும் விளிம்பு போனதுமான மண்பாண்டங்களை ஒரு பெட்டியில் கொட்டி வைத்திருப்பார்கள். 300 யென் கொடுத்து அதிலிருந்து எடுத்ததுதான் இது. பளபளப்புப் பூச்சு இல்லாத செம்மண். வயிற்றின் குறுக்கே பழுப்பில் கோடுகள் ஓடுகின்றன. ஈரமான கடற்பாசியைப் பாண்டத்தில் சுற்றிச் சுட்டால், பாசியில் உள்ள உப்பு மண்ணோடு சேர்ந்து இப்படித் தடம் விடும். கொள்ளளவு 280 மி.லி. பிடி அடியோடு முறிந்திருந்தது. யாரோ ஒருவர் இன்ஸ்டன்ட் பசை வைத்து ஒட்டி, அது மஞ்சளாகி, மறுபடியும் விட்டிருந்தது. மூடியும் லேசாக ஆடியது.

செம்மண், கடற்பாசித் தடம், பிடிக்கு அடியில் சின்ன முத்திரை, இவற்றைப் பார்த்தாலே டோகோனாமே என்று இங்குள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். நகோயாவுக்குத் தெற்கே, சிதா தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருக்கும் நகரம் அது. வெளிநாட்டிலிருந்து வருகிற பலர் தெரியாமலே அதைத் தாண்டிப் போகிறார்கள். 2005இல் திறந்த சுபு விமான நிலையம் அந்த ஊருக்கு எதிரே கடலைத் தூர்த்துக் கட்டியதுதான். ஜப்பானின் ஆறு பழைய சூளை ஊர்களில் ஒன்று. 12ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே மண் சுடுகிறார்கள். முதலில் ஆளுயரப் பானைகள், மெய்ஜி காலத்தில் (1868–1912) சாக்கடைக் குழாய்கள், பிறகு ஓடு, கழிப்பறைச் சாமான். கெண்டி அந்த வரிசையில் பிந்தி வந்தது. செம்மண் கெண்டி 1850களில்தான் அங்கே தொடங்கியது. 1878இல் ஜின் ஷிஹெங் என்ற சீனரை வரவழைத்து சீனாவின் யிஷிங் ஊர்க் கெண்டிகளின் செய்முறையைக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கலை வளர்ந்து, 1998இல் மூன்றாம் யமதா ஜோசான் கெண்டிக்காகவே வாழும் தேசியச் செல்வம் என்று ஜப்பான் அரசு கைவினைஞர்களுக்குத் தரும் அங்கீகாரம் பெற்றார்.

ஒட்டுவதற்கு முன்னால் அந்த ஊருக்குப் போய்ச் செய்கிறவர்களைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நகோயாவிலிருந்து மெய்தெத்சு ரயிலில் ஒரு மணிக்கும் குறைவு. நிலையத்திலிருந்து சற்று நடந்தால் மேட்டுத் தெரு. அங்கே தொகான்சாகா என்று ஒரு சரிவு: ஒரு பக்கச் சுவர் முழுக்க மண் குழாய்கள், இன்னொரு பக்கம் சாராய ஜாடிகள். விற்காமலும் கழித்தும் போட்ட சரக்கை வைத்தே மண் சரியாமல் தடுத்திருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் 1887இல் கட்டிய ஏறுசூளை: சரிவில் எட்டு அறைகள், பின்னால் உயரம் மாறி மாறிப் பத்துப் புகைபோக்கிகள். 1974வரை அதில் சுட்டார்கள். எனக்கு வேண்டியது ஒரு சின்னப் பட்டறையின் மேசைமேல் கிடைத்தது.

இன்னும் சுடாத கெண்டிகள் அங்கே வரிசையாக இருந்தன. வயிறு, மூடி, மூக்கு, பிடி, மூக்கின் அடியில் வைக்கும் சல்லடை என்று ஐந்து துண்டுகளைத் தனித்தனியாகச் செய்கிறார்கள். மண் பாதி காய்ந்த பதத்தில் களிக்குழம்பு தொட்டு ஒட்டுகிறார்கள். பிடி ஒட்டும் இடத்தில் இரண்டு பரப்பையும் கீறி, குழம்பு வைத்து, அழுத்தி, பிதுங்கியதை விரலால் வழித்துவிட்டார் பெரியவர். அந்த வளையத்தின் அகலம் எவ்வளவு குறைவு என்று அப்போதுதான் உறைத்தது. என் கெண்டியில் அளந்தால் குறுக்களவு 26 மி.மீ, சுவர்த் தடிப்பு 3 மி.மீ. அவ்வளவு மண்தான் மொத்தப் பாரத்தையும் சுமக்கிறது.

கணக்குப் போட்டேன். பிடி நீங்கலாகக் கெண்டியும் மூடியும் 240 கிராம், தண்ணீர் 280 கிராம், ஆக 520. வயிற்றின் நடுவிலிருந்து ஒட்டுவரை 5 செ.மீ. பிடியைப் பற்றித் தூக்கினால் ஒட்டின் மேல்விளிம்பு இழுபடும், கீழ்விளிம்பு நசுங்கும். மேல்விளிம்பில் ஒரு கிலோவுக்குக் குறையாத இழுவை வரும். ஊற்றும்போது மணிக்கட்டைத் திருப்புவதால் முறுக்கும் சேரும். நசுங்குவதைச் சுடுமண் எவ்வளவும் தாங்கும்; இழுத்தால் விட்டுவிடும். ஆகவே பலம் தேவைப்படுவது மேல்பாதிக்குத்தான். இது தெரிந்த பிறகு மற்ற முடிவுகளெல்லாம் சுலபமாகிவிட்டன.

முதல் வேலை பழைய பசையை எடுப்பது. பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, குளிர்ந்த தண்ணீரில் கெண்டியையும் பிடியையும் வைத்து, சிறு தீயில் மெதுவாகக் கொதிநிலைக்குக் கொண்டுவந்தேன். பசை வெளுத்துத் தளர்ந்தது. ஊசியால் சுரண்டியது போக மீதிக்கு அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, ஆவி போகாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி, இரவு முழுக்க விட்டேன். சன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் அடுப்பு கூடாது. பசை முழுதும் போய்விட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முறிந்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மண்ணில் பரவினால் சுத்தம். உருண்டு நின்றால் அங்கே பசை இருக்கிறது. எனக்கு ஓர் ஓரத்தில் உருண்டுகொண்டே இருந்தது. பழைய பல்துலக்கியும் அசிட்டோனும் வைத்துத் தேய்த்த பிறகே அடங்கியது.

அடுத்தது மூடி. இதைப் பட்டறையில் பார்த்ததால்தான் செய்தேன்; இல்லாவிட்டால் ஆடட்டும் என்று விட்டிருப்பேன். டோகோனாமேயில் மூடியைக் கெண்டிமேல் வைத்தே சுடுகிறார்கள். சுட்ட பிறகு இரண்டுக்கும் இடையே சாணைப்பொடியும் தண்ணீரும் விட்டு ஒன்றோடொன்று அரைக்கிறார்கள். அந்த மூடி அந்தக் கெண்டிக்கு மட்டுமே பொருந்தும். எஞ்சின் வால்வை அதன் இருக்கையில் லேப்பிங் பேஸ்ட் வைத்துச் சுழற்றி உட்காரவைப்பதும் இதே வேலைதான், பட்டறைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் வாங்கியது 400 எண், 800 எண் சிலிக்கான் கார்பைடு பொடி. முன்னதாகச் சல்லடையை உள்ளிருந்து ஈரத்துணியால் அடைத்துவிட வேண்டும். அந்த நுண்ணிய ஓட்டைகளில் பொடி போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு. விளிம்பில் குழம்பைத் தடவி, மூடியை அழுத்தாமல் அரை வட்டம் இப்படி, அரை வட்டம் அப்படி. ஆரம்பத்தில் கரகரவென்று சத்தம் வரும். பொடி நைந்ததும் சத்தம் தணிந்து வழுக்கும்; அப்போது கழுவிவிட்டுப் புதுப்பொடி. 800க்கு மாறியதும் ஆட்டம் போய்விட்டது.

பொருந்திவிட்டதா என்று சோதிக்க அந்த ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மூடியிலுள்ள காற்றுத் துளையை விரலால் அடைக்க வேண்டும். மூடி சரியாக உட்கார்ந்திருந்தால் தாரை அறுந்து நின்றுவிடும். என்னுடையது முழுக்க நிற்கவில்லை. நூலாக மெலிந்து சொட்டியது. போதும் என்று விட்டேன். அதிகம் அரைத்தால் மூடி உள்ளே இறங்கிவிடும்.

இனி ஒட்டு. உருஷி என்பது ஒரு மரத்தைக் கீறி எடுக்கிற பால். அந்த மரம் மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இருக்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டை பட்டுத் தோல் வெந்தவர்களை நம் ஊர்க் கிராமங்களில் பார்த்திருப்பீர்கள். உருஷியும் அதே வேலையைச் செய்யும். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கையுறைக்கு மேலே மணிக்கட்டில் எண்ணெய். எனக்குக் கையில் ஒன்றும் வரவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்ட பழக்கத்தால் மூக்குத் தண்டில் வந்தது. ஒரு வாரம்போல அரிப்பு. உருஷி பட்ட இடத்தைத் தண்ணீரில் கழுவக் கூடாது, சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகுதான் சோப்பு. தூரிகைக்கும் அப்படியே.

பூச்சில்லாத செம்மண்ணில் உருஷி பட்டால் கருங்கறை இறங்கிவிடும், பிறகு போகாது. பளபளப்புப் பூச்சுள்ள பாண்டத்தில் துடைத்துவிடலாம், இதில் வழியில்லை. காகித டேப்பும் இந்தச் சொரசொரப்பான வளைவில் ஒட்டாது. பொம்மைக்குச் சாயம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர்ப்பால் மறைப்பான் கடையில் கிடைத்தது. ஒட்டின் இருபுறமும் 5 மி.மீ அகலத்துக்கு அதைப் பூசிக் காயவைத்தேன். முறிந்த முகங்களில் டர்பன்டைன் கலந்து நீர்த்த உருஷியை ஒருமுறை பூசித் துடைத்தேன். மண் குடித்துக்கொள்ளட்டும் என்பதற்கு. இல்லாவிட்டால் ஒட்டும் கலவையிலிருந்து உருஷியை மண் உறிஞ்சி, மாவை மட்டும் விட்டுவிடும்.

ஒட்டும் கலவைக்கு மைதாவைச் சில சொட்டுத் தண்ணீரில் பிசைந்து, அதே கன அளவு பச்சை உருஷியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின்மேல் தேய்க்க வேண்டும். பதம் வந்ததற்கு அடையாளம், கரண்டியைத் தூக்கினால் பலாப்பாலாக நூல் இழுக்கும். இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவி, சிறிது நேரம் காற்றாடவிட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும்.

முதல்முறை சேர்த்ததும் டேப்பால் கட்டிப் படுக்கவைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் பிடி ஒரு மி.மீ சரிந்திருந்தது. உருஷி இறுக நாட்கள் ஆகும். அதுவரை அது வழுக்கும் குழம்புதான். இறுகாமல் இருந்ததால் பிரித்து, டர்பன்டைனில் துடைத்து, மறுபடி தடவினேன். இந்த முறை ஒரு வாளியில் காய்ந்த மணலைக் கொட்டி, கெண்டியை உறையில் சுற்றிப் பக்கவாட்டாகப் புதைத்தேன், ஒட்டு வானத்தைப் பார்க்கும்படி. பிடியை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தினால் அதன் எடையே ஒட்டை அழுத்துகிறது. கட்டவே தேவையில்லை. மூக்குக்கும் பிடிக்கும் நடுவே கோணம் 85 டிகிரி. அட்டையில் வெட்டி வைத்த அச்சை வைத்து சரிபார்த்தேன். முறிவு சுத்தமாக இருந்ததால் பிடி தானே தன் இடத்தைத் தேடி அமர்ந்தது.

காயவைப்பது என்று சொல்கிறோம், உண்மையில் உருஷி காய்வதில்லை. ஈரக்காற்றில் ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதமும் 20 முதல் 30 டிகிரி வெப்பமும் வேண்டும். இங்கே ஜூன், ஜூலையில் மழைக்காலம்; துவைத்த துணி வீட்டுக்குள் நாறிக்கொண்டிருக்கும், உருஷி மட்டும் அருமையாக இறுகும். இருந்தாலும் தெர்மோகோல் பெட்டியில் ஈரத்துண்டும் 900 யென் ஈரப்பதமானியும் வைத்து வாளியோடு உள்ளே தள்ளினேன். இரண்டு வாரம் தொடவில்லை. ஒட்டின் நடுவே இருக்கும் உருஷிக்குக் காற்று ஓரத்திலிருந்துதான் போக வேண்டும். வெளியே பிதுங்கியது இறுகிவிட்டதே என்று உள்ளே இருப்பதை நம்பக் கூடாது. தடிமனாக வைத்தாலும் இதே தொல்லை: மேலே தோல் கட்டிச் சுருங்கும், அடியில் பச்சையாகவே இருக்கும்.

பலத்துக்கான வேலை பிடியின் உள்ளே. பிடியின் வால் பக்கம் திறந்திருப்பதால் அதன் வழியாக ஒட்டின் உட்புறத்தைத் தொட முடியும். 12 மி.மீ அகலத்தில் மெல்லிய சணல் துணி வெட்டி, அதே மாவுக் கலவையில் நனைத்து, மூங்கில் குச்சியின் முனையில் வைத்து உள்ளே விட்டு, ஒட்டின் மேல்பாதியில் படியவைத்தேன்: பாதி வயிற்றுச் சுவரில், பாதி பிடியின் சுவரில். கைபேசி விளக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு செய்த வேலை. அது இறுகியதும் இன்னொரு துண்டு. இழுவை வரும் இடத்தில் இழுவையைத் தாங்கும் நார் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

வெளியே ஒட்டுக்கோட்டில் இருந்த சின்னப் பள்ளங்களுக்குத் தோனோகோ என்கிற நைசான கல்பொடியைத் தண்ணீரில் குழைத்து, உருஷி சேர்த்த பூச்சு. உருஷி கூடினால் சுருங்கும், குறைந்தால் உதிரும். மெல்லிசாக வைத்து, இறுகி, தேய்த்து, மறுபடி வைத்து என்று போகும். தேய்க்க 600, 1000 எண் நீர் உப்புத்தாள். இதை நகக்கண் அளவுக்கு வெட்டிக்கொள்ளாவிட்டால் பக்கத்துச் செம்மண்ணிலும் கீறல் விழும். எனக்குக் கடற்பாசித் தடத்தின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது, வெயிலில் தெரிகிறது.

கடைசிப் பூச்சில் தங்கம் வைக்கவில்லை. உடைந்த பாண்டத்தை உருஷியால் ஒட்டும் கலைக்குக் கின்ட்சுகி என்று பெயர்; கின்ட்சுகி என்றாலே தங்கக்கோடு என்று ஆகிவிட்டது. உடைந்ததைத் தாங்குவது அடியில் இருக்கும் உருஷி. தங்கம் அதன்மேல் தூவுகிற பொடி மட்டும். சின்னப் பொட்டலமே மற்ற எல்லாச் சாமான்களையும் சேர்த்ததைவிட விலை. அதோடு இந்தக் கெண்டியில் ஏற்கெனவே பாசித் தடம் இருக்கிறது, தங்கமும் சேர்ந்தால் கண்ணை உறுத்தும். ஆகவே பெங்கரா, அதாவது இரும்பு ஆக்சைடு கலந்த சிவப்பு உருஷி. செம்மண்ணைச் சிவப்பாக்குவதும் அதே இரும்புதான். இப்போதைய டோகோனாமே செம்மண் கலவையிலும் நிறத்துக்குப் பெங்கரா சேர்ப்பதுண்டு. பூசியபோது காபிக் கறுப்பாக இருந்தது, பயந்துவிட்டேன். இறுகியபின் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வெளுத்துச் சிவப்புக்கு வந்தது. இன்னமும் மண்ணைவிட ஒரு மாற்று கருமைதான். மறைப்பானை ஊசிமுனையால் தூக்கி உரித்தால் ஓரம் கத்தியால் வெட்டினதுபோல நேராக வருகிறது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அது.

சோதனைக்கு முதலில் தண்ணீர் இல்லை. நட்டு, போல்ட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கெண்டிக்குள் வைத்து, மொத்தம் ஒரு கிலோ ஆக்கி, கீழே தலையணை போட்டுப் பிடியால் தூக்கினேன். நிஜ பாரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஊற்றுகிற அசைவில் திருப்பியும் பார்த்தேன். பிறகு குளிர்ந்த தண்ணீர், அடுத்து 60 டிகிரி, 80 டிகிரி. சென்சா தேயிலைக்கு 70, 80 டிகிரிக்கு மேல் தேவையில்லை என்பதால் அத்தோடு நிறுத்தினேன். இறுகிய உருஷி வெந்நீருக்கு அஞ்சாது. மைக்ரோவேவும் பாத்திரம் கழுவும் எந்திரமும் ஆகாது, நீண்ட நேரம் ஊறப்போடவும் கூடாது.

உருஷி வாடை போகச் சில வாரங்கள் ஆனது. அரிசிப் பெட்டியில் போட்டு வைத்தால் போகும் என்பது இங்கே பழைய வழக்கம். போட்டு வைத்தேன், குறைந்தது. அரிசியில் வாடை ஏறியதா என்று வீட்டில் கேட்டார்கள். ஏறவில்லை.

செலவு: கெண்டி 300 யென், உருஷிக் குழல் 2,200, தோனோகோ 400, பெங்கரா 500, சாணைப்பொடி இரண்டும் 1,100, மறைப்பான் 450, டர்பன்டைன் 600, ஈரப்பதமானி 900, கையுறையும் உப்புத்தாளும் 700. கூட்டினால் 7,150. இந்தப் பணத்துக்கு டோகோனாமேயிலேயே நல்ல புதுக் கெண்டி வாங்கலாம். ஆனால் உருஷியில் கால்வாசிகூடத் தீரவில்லை. குழலின் கழுத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் தாள் வைத்து மூடியைத் திருகிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். துடைக்காமல் மூடினால் மூடியே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த முறை மணல் வாளியில்தான் தொடங்குவேன். மறைப்பானை 5 மி.மீக்குப் பதில் 15 மி.மீ அகலம் பூசுவேன். உப்புத்தாள் கீறலும் அதிலேயே அடங்கும். சணல் துணியை இன்னும் மெல்லிசாக எடுப்பேன், இரண்டாவது துண்டின் ஓரம் உள்ளே மடிந்து நிற்கிறது. அதே பெட்டியிலிருந்து எடுத்த இன்னொரு க்யூசு இருக்கிறது, அதற்கு மூக்கு நுனி போயிருக்கிறது. அது வேறு கணக்கு. அங்கே பாரம் ஒன்றும் இல்லை, ஆனால் நுனியின் கீழ்விளிம்பு கூர்மையாக இல்லாவிட்டால் ஊற்றி நிறுத்தும்போது கடைசிச் சொட்டு மூக்கின் அடிவழியே வயிற்றுக்கு ஓடும். தோனோகோப் பூச்சில் அந்தக் கூர்மை நிற்குமா, அல்லது உருஷியில் மரத்தூள் கலந்து வளர்த்துச் செதுக்க வேண்டுமா என்று உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்றில் இரண்டையும் வைத்திருக்கிறேன். இப்போது பெட்டிக்குள் இறுகிக்கொண்டிருக்கிறது.